அரசாளு அரசாளுவாகவே இருக்கட்டும்

சிவமொக்காவிலிருந்து தாளகுப்பா செல்லும் கிளை ரயில் பாதையில் அரசாளு என்றொரு சிறு நிலையம் இருக்கிறது. மலைநாட்டின் காட்டு விளிம்பும் வயல்களும் பாக்குத் தோப்புகளும் மாறி மாறி வரும் பாதை அது. 1980களின் பிற்பகுதியில் ஷங்கர் நாக் இயக்கித் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘மால்குடி டேஸ்’ தொடரில் மால்குடி ரயில் நிலையமாகக் காட்டப்பட்டது இந்த அரசாளுதான். 2020 ஆகஸ்டில் அதன் பழைய கட்டடம் ‘மால்குடி அருங்காட்சியக’மாகத் திறக்கப்பட்டது. நிலையத்தின் பெயரையே மால்குடி என்று மாற்றிவிடலாம் என்னும் யோசனையும் அதையொட்டிச் செய்திகளில் அடிபட்டது. விடுமுறைதோறும் யாரேனும் ஒருவர் அங்கே எடுத்த படத்தை இட்டு, ‘இதற்கு இன்னும் ஏன் மால்குடி என்று பெயர் வைக்கவில்லை?’ என்று கேட்பதும், கீழே நூறு பேர் ஆமோதிப்பதும் வழக்கமாகிவிட்டது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகம் நல்ல செயல். பெயர் மாற்றம் தேவையற்றது. ஒரு சிறு ரயில் நிலையத்துக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை, அங்கே வண்டி நிற்கும்படி பார்த்துக்கொள்வதே. இம்மூன்றுக்குமான காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பீரூரிலிருந்து சிவமொக்காவுக்கு 1899இலேயே மீட்டர் பாதை வந்துவிட்டது. அது மேற்கே நீண்டு, கும்சி, அரசாளு, ஆனந்தபுரம், சாகர வழியாக 1940 வாக்கில் தாளகுப்பாவை எட்டியது. ஜோக் அருவி அங்கிருந்து பக்கம். பீரூர்–சிவமொக்கா பகுதி அகலப்பாதையான பிறகு, மிஞ்சிய மீட்டர் பாதையில் பல ஆண்டுகள் ஒரு சிறிய ‘ரயில் பேருந்து’ மட்டும் ஓடியது. 2011 வாக்கில் தாளகுப்பா வரை அகலப்பாதை வந்தது. அரசாளுவில் புதிய நிலையம் எழுந்ததால் பழைய கட்டடம் பாழடைந்தது. அதை மீட்டெடுத்தவர், தொடரின் கலை இயக்கத்தில் பணியாற்றிய சிற்பி ஜான் தேவராஜ். தென்மேற்கு ரயில்வேயின் மைசூரு கோட்டம் அந்தப் பணியை மேற்கொண்டது. இடிந்து விழவேண்டிய ஒரு கட்டடம் கூரையும் சுவரும் பெற்று நிற்கிறது என்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நம் நாட்டில் மீட்டர் பாதைக் காலத்து நிலையங்கள் பெரும்பாலும் செங்கல் செங்கலாகக் காணாமற்போயின.

இனி மால்குடி. ஆர்.கே. நாராயணின் கற்பனையில் ஊருக்கு முன்பே ரயில் நிலையம்தான் தோன்றியது. 1930ஆம் ஆண்டு விஜயதசமி நாளில், பெங்களூரில், பாட்டி குறித்துக்கொடுத்த நல்ல நேரத்தில் எழுத உட்கார்ந்தபோது, ஒரு சிறு நிலையமும் அதன் நடைமேடையில் ஓடும் சுவாமிநாதன் என்ற சிறுவனும் மனக்கண்ணில் வந்து நின்றதாகத் தம் தன்வரலாற்றில் அவர் கூறியிருக்கிறார். 1935இல் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ வெளிவந்தபோது கதை நிலையத்தில் தொடங்கவில்லை, நிலையத்தில் முடிந்தது. ஊரைவிட்டுப் போகும் ராஜத்துக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்து வழியனுப்பச் சுவாமி ஓடிவரும் நடைமேடைதான் அந்த நாவலின் கடைசி இடம். 1958இல் வந்த ‘தி கைடு’ நாவலில் ரயில் பாதையே ஊருக்குப் புதிதாக வருகிறது. தண்டவாளம் போட வந்த தொழிலாளர்களிடமிருந்து சிறுவன் ராஜு முதலில் கற்றுக்கொள்வது கெட்ட வார்த்தைகளை. மொழியியல் படிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக மட்டும் தோன்றாது. ரயில் வந்தால் முதலில் இறங்குவது சொற்கள்தாம் என்பதை நாராயண் கவனித்திருக்கிறார்.

இந்த மால்குடி எங்கே இருக்கிறது? கதைகளில் அதற்கு ஒரு சரயு ஆறும் மெம்பி மலையும் உண்டு. அங்கிருந்து சென்னைக்கு வண்டி போகும். வரைபடத்தில் அது இல்லை. எழுதியவர் சென்னையில் 1906இல் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர். எழுதிய மொழி ஆங்கிலம். படமாக்கியவர் ஹொன்னாவரத்தைச் சேர்ந்த கன்னடத் திரைக்கலைஞர். பேசவைத்த மொழி இந்தி. இசை தமிழரான எல். வைத்தியநாதனுடையது. படப்பிடிப்பின் பெரும்பகுதி ஆகும்பேயில் நடந்தது. இத்தனை மொழிகளும் ஊர்களும் சேர்ந்து உருவாக்கிய ஓரிடத்தை ஒரே ஒரு நிலையப் பலகையில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைப்பதே எனக்குச் சிறு செயலாகப் படுகிறது.

அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் ‘மால்குடி’ என்று எழுதியவுடன் நமக்கு அது லால்குடிக்குப் பக்கத்து ஊர்போலத் தோன்றுகிறது. மால் என்றால் திருமால், குடி என்றால் குடியிருப்பு. பொருள் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கன்னடத்தில் ‘குடி’யின் முதலெழுத்து, ‘கங்கை’ என்று சொல்லும்போது வரும் முதலொலியைப் போல ஒலித்து, கோயிலைக் குறிக்கும் சொல்லாகிறது. பெங்களூர்க்காரர்கள் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் ஒட்டவைத்து ஒரு கதை சொல்வார்கள். தமிழ்க் ‘குடி’யும் கன்னடக் ‘குடி’யும் ஒரே திராவிட வேரிலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலில் நிலைபெற்ற கருத்து. குடியிருப்பு என்ற பொருள் ஒரு கிளையிலும், தெய்வத்தின் இருப்பிடம் என்ற பொருள் இன்னொரு கிளையிலும் வலுப்பெற்றன. ஆகவே மால்குடி என்ற பெயர் இரு மொழிக்காரர்களுக்கும் தாய்மொழிபோல ஒலிக்கிறது. இருவருக்கும் முழுவதும் சொந்தமாவதில்லை. அதன் அழகே அந்த இரட்டைத்தன்மையில் இருக்கிறது.

அரசாளு அப்படியன்று. அது மண்ணில் வேர்விட்ட பெயர். கன்னடம் அறியாத தமிழர் ஒருவர் அந்தப் பலகையைப் பார்த்தால்கூட ‘அரசு’ம் ‘ஆளு’ம் காதில் விழும். அந்தப் பெயரின் உண்மையான வரலாறு கல்வெட்டுகளையும் நில ஆவணங்களையும் ஊராரின் வழக்கையும் சேர்த்துப் பார்த்தே அறியவேண்டியது. காதில் விழுவதை வைத்து நான் முடிவு சொல்லப்போவதில்லை. ஆனால் இத்தகைய ஆய்வுக்கு முதல் தேவை, பெயர் இருந்த இடத்தில் இருப்பது. ஊர்ப்பெயர்கள் எழுத்தறியாதவர்களும் பாதுகாத்துவந்த ஆவணங்கள். அரசர்கள் மாறினாலும், மாவட்டங்கள் மாறினாலும், பேசும் மொழியே மாறினாலும், ஊர்ப்பெயர் பழைய ஒலியில் கொஞ்சத்தைத் தன்னுள் வைத்திருக்கும்.

இதை நான் எங்கள் ஊரை வைத்தே விளக்கமுடியும். மார்டள்ளி, கர்நாடகத்தின் தெற்கு எல்லையில், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வட்டாரத்தில் இருக்கும் தமிழ் பேசும் ஊர். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிப்பில் மைசூர் மாநிலத்துக்கு வந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997இலிருந்து சாமராஜநகர் மாவட்டம். இப்போது ஹனூர் வட்டம். நான்கு தலைமுறைக்குள் முகவரி இத்தனை முறை மாறியது. மாறாதது ஊர்ப்பெயர் மட்டுமே. அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் ‘அள்ளி’ என்ன சொல்கிறது? தமிழில் ‘பள்ளி’ என்பதற்குச் சிற்றூர் என்ற பொருளும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிக் கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாக மாறியது. பால் ஹாலு ஆயிற்று, புலி ஹுலி ஆயிற்று, பள்ளி ஹள்ளி ஆயிற்று. அந்த ஹள்ளியைத் தமிழர் நா மறுபடி வாங்கிக்கொண்டபோது ஹகரம் உதிர்ந்து அள்ளி ஆயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நூற்றுக்கணக்கான ஊர்களில் இதே அள்ளியைக் காணலாம். சேலம்–ஓசூர் பாதையில் மாரண்டஅள்ளி ரயில் நிலையத்தைக் கடந்தவர்கள் ஆயிரம் ஆண்டு ஒலி வரலாற்றைப் பலகையில் பார்த்தபடிதான் கடந்திருக்கிறார்கள். ஒரு மொழி கொடுத்ததை இன்னொரு மொழி மாற்றித் திருப்பித் தந்து, மறுபடி முதல் மொழி வாங்கிக்கொண்ட கதை அது. இதை அழகிய வேறொரு பெயரால் மாற்றிவிட்டால் எந்தப் புத்தகத்திலிருந்தும் மீட்கமுடியாது.

‘மால்குடி என்று பெயர் வைத்தால் ஊருக்குப் பெருமைதானே, சுற்றுலா வளருமே?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுற்றுலாப் பயணிகளை ஈர்க்க அருங்காட்சியகம் போதும். அதன் பெயரே மால்குடி. மைசூருக்கும் எலஹங்காவுக்கும் இடையே மால்குடி எக்ஸ்பிரஸ் என்றொரு வண்டியும் ஓடுகிறது. எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். வண்டிக்குக் கற்பனைப் பெயர் சூட்டுவதால் யாருடைய பெயரும் பறிபோவதில்லை. முன்பு அங்கே இருந்த எதையும் அது அழிப்பதில்லை. ஊர்ப்பெயரை மாற்றும்போது ஒரு பெயரைக் கொடுப்பதோடு இன்னொன்றை எடுக்கவும் செய்கிறோம். எடுக்கப்படுவது யாருடையதோ அவர்களைக் கேட்காமல், படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடும் நாம் ‘மாற்றினால் என்ன’ என்று கேட்பது சரியா?

இதில் மொழிப் பெருமிதமும் கலந்துவிடுகிறது. மைசூரு யாதவகிரியில் இருக்கும் நாராயணின் வீடு 2011இல் இடிக்கப்படும் நிலைக்கு வந்து, எதிர்ப்பு எழுந்து, பின்னர் மாநகராட்சியால் மீட்கப்பட்டு 2016இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கன்னட எழுத்தாளர்கள் சிலர், கன்னடத்தில் எழுதாத ஒருவருக்கு அரசு செலவில் நினைவில்லம் ஏன் என்று கேட்டனர். அந்தக் கேள்வியோடு நான் உடன்படவில்லை. நாராயணின் எழுத்தில் மைசூரின் தெருக்களும் அதன் சோம்பலான மாலைகளும் வாழ்கின்றன. அவரை மைசூர் தன்னவர் என்று கொள்வதில் தவறில்லை. அதே வேளையில், தமிழ் நண்பர்கள் சிலர் ‘கர்நாடகத்து நிலையத்துக்கு நம்மவர் ஊரின் பெயர்’ என்று மகிழ்வதோடும் என்னால் உடன்பட முடியவில்லை. எல்லையில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பெயர்ப்பலகையில் வெற்றி பெற்ற மொழி, பலகையின் அடியில் நிற்கும் மனிதருக்குப் பேருந்து வாங்கித் தருவதில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசி வளர்ந்த எங்களுக்கு இரு மொழியின் பெருமிதமும் புரியும். இரண்டும் எங்கே பயனற்றுப்போகும் என்பதும் புரியும்.

பெயர் மாற்றம் என்பது வெறும் எழுத்து மாற்றமன்று என்பதற்கு ரயில்வேயே ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. கோவிட் பெருந்தொற்றுக்குப் பின், நின்று நின்று போகும் சாதாரணப் பயணிகள் வண்டிகள் பல ‘எக்ஸ்பிரஸ் சிறப்பு வண்டி’ என்ற பெயரில் திரும்பின. அதே பெட்டி, அதே வேகம், அதே தண்டவாளம். பெயர் மட்டும் மாறியது. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. அந்த இடைவெளியில் கீரைக்கட்டோடு பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகும் ஒரு பெண்மணிக்கு அந்தச் சொல் ஒவ்வொரு நாளும் இருபது ரூபாய் செலவு வைத்தது. அதே காலத்தில், கால அட்டவணையை அடிப்படையிலிருந்து திருத்துகிறோம் என்று சொல்லிப் பல சிறு நிலையங்களின் நிறுத்தங்கள் எடுக்கப்பட்டன. பயணிகள் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரு நாளைக்கு ஒரு வண்டி, அதுவும் பொருந்தாத நேரத்தில் நின்றால், பயணிகள் எப்படி வருவார்கள்? நிறுத்தத்தைக் குறைத்துப் பயணிகளைக் குறைத்து, குறைந்த பயணிகளைக் காட்டி நிறுத்தத்தை எடுப்பது ஒரு வட்டம். கிளைப்பாதைகளில் இந்த வட்டம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இதையே பார்த்தோம். 1928இல் வந்த மதுரை–போடி மீட்டர் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது. தேனிக்கு வண்டி திரும்ப 2022 மே வரையும், போடிக்குத் திரும்ப 2023 ஜூன் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2010இல் மூடப்பட்டு 2018இல்தான் முழுமையாகத் திறந்தது. பள்ளியில் சேர்ந்த குழந்தை கல்லூரிக்குப் போகும் காலம் அது. திறந்தபின் நாம் கொண்டாடியது ஆண்டிபட்டிக் கணவாயின் காட்சியையும் பதின்மூன்று கண் பாலத்தின் அழகையும்தான். காட்சி நிச்சயமாக அழகு. ஆனால் கிளைப்பாதை முதலில் ஒரு பயன்பாட்டுப் பொருள்; அழகு அதன் உபரி. உபரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைக் கைவிடும் போக்கு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது.

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷர் பகுதியில் ஆடல்ஸ்ட்ராப் என்றொரு சிறு நிலையம் இருந்தது. 1914 ஜூனில், முதல் உலகப்போருக்குச் சில வாரங்கள் முன்பு, எட்வர்டு தாமஸ் சென்ற வண்டி அங்கே சற்று நேரம் நின்றது. அதைப் பற்றி அவர் எழுதிய சிறு கவிதை ஆங்கிலத்தில் மிகவும் விரும்பப்படும் கவிதைகளுள் ஒன்றாயிற்று. 1963இல் பீச்சிங் அறிக்கை பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. ஆடல்ஸ்ட்ராப்பும் 1966இல் மூடப்பட்டது. இன்று அதன் பெயர்ப்பலகை கிராமத்துப் பேருந்து நிழற்குடையில் இருக்கிறது. கவிதை பலகையைக் காப்பாற்றியது, நிலையத்தைக் காப்பாற்றவில்லை. இலக்கியப் புகழ் மட்டும் ஒரு நிலையத்துக்குப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அங்கும் குறைந்தபட்சம் ஊரின் பெயர் ஊரோடு நிலைத்தது.

இன்னொரு முரணையும் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாகச் சாமராஜநகர் வரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் கிளைப்பாதை உண்டு. கபினி ஆற்றின் பழைய பாலமும், காந்தி 1927இல் வந்த கதர் மையத்தைக் கொண்ட பதனவாளும் அந்தப் பாதையில்தான் வருகின்றன. அது சாமராஜநகரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் வரை நீட்டும் யோசனை காட்டைக் காரணமாகக் கொண்டு நின்றது. யானைகளின் வழித்தடம் குறுக்கே இருப்பதால் அந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹெஜ்ஜாலாவிலிருந்து கனகபுரம், மளவள்ளி, கொள்ளேகால், எளந்தூர் வழியாகச் சாமராஜநகர் வரும் 142 கிலோமீட்டர் பாதை 1996–97இலேயே ஒப்புதல் பெற்றது. நான் பிறப்பதற்கு முன்பே ஒப்புதலான அந்தப் பாதையில் இன்றும் வண்டி ஓடவில்லை. அது வந்திருந்தால் கொள்ளேகாலில் ஒரு நிலையம் இருந்திருக்கும். எங்கள் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் போகும் இளைஞர்களும், மைசூர்க் கல்லூரிகளில் படிக்கும் பெண்களும், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களும் பேருந்துக்கு மாறிப் பேருந்து பிடிக்கும் அலைச்சலில் பாதி குறைந்திருக்கும். கற்பனையில் இருந்த ஒரு நிலையத்துக்கு மண்ணில் கட்டடம் கிடைத்துவிட்டது. ஆவணத்தில் இருக்கும் நிலையங்கள் இன்னும் கற்பனையாகவே இருக்கின்றன.

ஆகவே நான் கேட்பவை எளியவை. ஒன்று: பலகையில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் அரசாளு என்ற பெயரே நீடிக்கட்டும். அதன்கீழ் ‘மால்குடி தொடர் படமாக்கப்பட்ட இடம்’ என்று ஒரு வரி சேர்ப்பதால் யாருக்கும் இழப்பில்லை. இரண்டு: அருங்காட்சியகத்தில் நாராயணின் கதைகள் கன்னடத்திலும் தமிழிலும் படிக்கக் கிடைக்கட்டும், அரசாளு என்னும் ஊரின் வரலாற்றுக்கும், அந்தப் பாதையைப் போட்டவர்களின் வரலாற்றுக்கும் ஒரு சுவர் ஒதுக்கப்படட்டும். ராஜுவுக்குக் கெட்ட வார்த்தை கற்றுக்கொடுத்த தொழிலாளர்களுக்கும் ஓரிடம் வேண்டாமா? மூன்று: இந்த வகைக் கிளைப்பாதைகளில் நிறுத்தங்களைப் பயணச்சீட்டு வருவாயை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பள்ளி, சந்தை, மருத்துவமனை நேரங்களையும் கணக்கில் எடுத்து முடிவு செய்யட்டும். ஊராரைக் கேட்டே கால அட்டவணை எழுதப்படட்டும்.

அரசாளுவுக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. காரில் போய்ப் படம் எடுத்துத் திரும்பாமல், சிவமொக்காவில் சீட்டு வாங்கி, அங்கே நிற்கும் வண்டியில் போய் இறங்குங்கள். கணினியில் ஒரு பயணி கூடுவார். அடுத்த முறை நிறுத்தத்தை எடுக்கலாமா என்று யாரோ ஓர் அதிகாரி பார்க்கும் பட்டியலில் அந்த எண் இருக்கும். மால்குடிக்கு நீங்கள் செலுத்தும் அன்பில் அரசாளுக்காரர்களுக்கு உண்மையில் உதவுவது அந்தச் சீட்டுதான்.

மாற்றுக் கருத்துகளை, குறிப்பாகச் சிவமொக்கா, சாகர பக்கத்து நண்பர்களுடைய கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன். கன்னடத்தில் எழுதினாலும் சரி.